செல்விக்கு, போன் விசயமா

செல்வி,

உன் வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன்டி. பேசி அனுப்பலாம்னா போன் திருத்த, கொப்பி எடுக்கன்னு நம்ம கடைக்கு ஆள் வந்துகிட்டே இருக்கு, பாதியில நின்னு போகும், அதான் எழுதுறேன். டியூட்டி முடிஞ்சு ரூமுக்கு போய் ஆற அமர வாசி.

தம்பி மகளுக்கு கட்டார்ல இருந்தே போன் கொண்டு வரவான்னு கேட்டிருந்த. கொண்டு வா, ஆனா டீஆர்சி, அதான் இங்க தொலைத்தொடர்பை பாக்குற ஆணைக்குழு, அவங்க விசயத்தை மறந்துறாத. 2025 ஜனவரி கடைசிக்கு பிறகு புதுசா வர்ற போன் அவங்ககிட்ட பதியாம இருந்தா இங்க சிம் எடுக்காதுன்னு அறிவிச்சிட்டாங்க. ஏற்கனவே பாவிச்சுக்கிட்டு இருந்ததுக்கு பிரச்சினை இல்ல, புதுசுக்கு தான் சோலி. அதனால பில்லை தூக்கி போட்டுறாத, பெட்டியையும் பத்திரமா வை. இங்க வாங்குறவங்களுக்கு நான் சொல்லுறது, காசு குடுக்க முந்தி *#06# அடிங்க, IMEIன்னு அடிச்சு இடம் விட்டு வர்ற 15 இலக்க நம்பரை போட்டு 1909க்கு மெசேஜ் அனுப்பி பாருங்கன்னு. கடைக்காரர் மொறைப்பாரு, மொறைக்கட்டும்.

விலை ஏன் இப்பிடின்னு கேட்ட பாரு, அது பெரிய கதைடி. 2022 தொடக்கத்துல டொலர் 200 ரூவா சொச்சம், மே மாசம் 360 தாண்டிருச்சு. 200 டொலர் போன் 40 ஆயிரத்துல இருந்து 72 ஆயிரத்துக்கு போச்சு, உள்ள ஒரு ஆணி கூட மாறல. பிறகு டொலர் 300 பக்கம் இறங்குச்சே, இனி குறையும்னு பாத்தா 2024 ஜனவரியில வற் வரிய 18 வீதமாக்கி அதுவரைக்கும் வற் இல்லாம வந்த போனுக்கும் சேத்து போட்டாங்க. நம்ம தோட்டத்துல நாள் சம்பளம் 2021ல 1000, 2024 செப்டம்பர்ல 1350ன்னு கெசட். அந்த 1350ல 60 ஆயிரம் போன்னா 44 பேருக்கு மேல, அதாவது 44 முழு நாள் வேலைக்கு மேல போட வேண்டியிருந்துச்சுடி, அதுவும் அரைப்பேர் விழாம, அரிசி மா வாங்காம, சீட்டு கட்டாம. அதான் எல்லாரும் தவணைக்கு போறாங்க, தவணை முடிய முந்தி டிஸ்ப்ளே உடையுது, உடைஞ்சா எங்க கடைக்கு வருது.

டிஸ்ப்ளேன்னா கம்பனி சாமான் ஒண்ணு, கொப்பி ஒண்ணு, கொப்பியிலயும் நல்லது கெட்டதுன்னு ரெண்டு மூணு தரம். எங்க வீட்டுக்காரரு ஹீட்டரை காட்டி பசைய இளக்கி, பழைய ரீலோட் கார்டை ஓரத்துல செருகி மெதுவா மெதுவா தூக்குவாரு, பக்கத்துல யாரும் மூச்சு விடக்கூடாது. கொப்பி போட்டா கறுப்பு கலர் லேசா நீலமா தெரியும், ஓரத்துல டச் கொஞ்சம் சோம்பலா இருக்கும். அதை ஆள்கிட்ட சொல்லி தான் போடுறோம். தொண்ணூறு வீதம் பேர் "கொப்பியே போடுங்கக்கா"ன்னு தான் சொல்லுவாங்க, வேற என்ன சொல்லுவாங்க. இப்ப ஐபோன்ல வேற டிஸ்ப்ளே போட்டா செட்டிங்ஸ்ல தெரியாத பாகம்னு காட்டிக்கிட்டே இருக்கும். காசு குடுத்து வாங்கினவன் யாரை வச்சு திருத்தணும்னு போன் முடிவு பண்ணுறது எனக்கு சரியா படல. திருத்துற உரிமை வேணும்னு ஐரோப்பாவுல சட்டமே கொண்டு வந்திருக்காங்க. அங்க 2024 டிசம்பர் 28ல இருந்து விக்கிற போன் எல்லாம் டைப் சியில சார்ஜ் ஆகணும்னு போட்ட சட்டத்தால எங்க கண்ணாடி பெட்டியில இருந்த அஞ்சாறு வகை வயர் கூட குறைஞ்சிருச்சு. நம்ம ஊர் சட்டத்தை விட அந்த ஊர் சட்டம் தான் நம்ம மலைநாட்டு கொட்டகலைக்கு நல்லது செய்யுது போ!

பெரிய கம்பனிகாரங்க சண்டை இன்னொரு கூத்து. ஆப்பிள் 2011ல சம்சுங் மேல வழக்கு போட்டுச்சே ஞாபகம் இருக்கா, மூலை வளைஞ்ச டிசைனையும் எங்களோடதுன்னு சொல்லி. 2012ல கலிபோர்னியா ஜூரி நூறு கோடி டொலருக்கு மேல கட்டுன்னு சொல்லி, மேல்முறையீடு அது இதுன்னு இழுத்து 2018ல தான் தங்களுக்குள்ள பேசி முடிச்சாங்க. அதுல எவனும் பட்டினி கிடக்கல. அந்த செலவெல்லாம் கடைசியில போன் வாங்குற நம்ம தலையில தான்னு இவரு சொல்லுவாரு, இருக்கலாம்.

ஆனா செல்வி, இதை வச்சு கொப்பி எல்லாம் ஒண்ணுதான்னு சொல்ல எனக்கு மனசு வரல. இங்க சயன்ஸ் படிப்பிக்கிற ஒரு சேர் ஓ.எல் பரீட்சை எடுக்கிற பிள்ளைங்களுக்கு தானே எழுதி தானே படம் கீறி ஒரு புத்தகம் அச்சடிச்சாரு, கடன் வாங்கி. ஒரு நாள் நாலஞ்சு பிள்ளைங்க அந்த புத்தகத்தோட வந்து முழுசா கொப்பி எடுத்து தாங்கன்னு நிக்குதுங்க. ரெண்டு பக்கத்தை சுருக்கி ஒரு பக்கமாக்கி எடுத்தா தான் சேரோட விலைய விட குறையும், இல்லாட்டி 2022க்கு பிறகு கடதாசி விக்கிற விலைக்கு கொப்பி தான் கூட. அதையும் கணக்கு பாத்துட்டு தான் வந்திருக்குதுங்க. பழைய பரீட்சை பேப்பர்னா எத்தனை வேணும்னாலும் எடுத்து தர்றேன், இதை சேர்கிட்டயே வாங்குங்கன்னு அனுப்பிட்டேன். 2003ம் வருசத்து 36ம் இலக்க புலமைச் சொத்து சட்டத்துல எழுதினவர் உயிரோட இருக்கிற காலமும் பிறகு 70 வருசமும் உரிமை அவருக்குன்னு இருக்கு, ஆனா நான் சட்டத்துக்காக செய்யல. அந்த மனுசன் தினமும் எங்க கடை வாசல்ல தான் பஸ்சுக்கு நிக்கிறாரு, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரை பாக்குறது? டிஸ்ப்ளே கம்பனிக்காரன் என் கொப்பியால ஒரு வேளை சோத்தை விடப்போறதில்ல, சேர் விடுவாரு. என் நியாயம் அவ்வளவு தான், படிச்சவங்க வேற மாதிரி சொல்லுவாங்க.

பாட்டு விசயத்துல மட்டும் எனக்கே தெளிவில்ல. 2017ல தன் பாட்டை கேக்காம மேடையில பாடக்கூடாதுன்னு இளையராஜா எஸ்பிபிக்கு நோட்டீஸ் அனுப்பினப்ப நீ அவரை அந்த ஏச்சு ஏசின. எனக்கும் கஷ்டமா தான் இருந்துச்சு, ஆனா காசு வாங்கி நடத்துற கச்சேரியில மெட்டு போட்டவருக்கு பங்கு குடுத்தா என்னான்னு இப்ப தோணுது. நம்ம கோயில் திருவிழாவுக்கு பாடுற பையன்கள்கிட்ட போய் கேட்டா தான் அநியாயம். மெமரி சிப்புல பாட்டு ஏத்துற யாவாரம் எப்பிடியும் செத்துருச்சு, எல்லாம் யூடியூப்.

இன்னொண்ணு. நம்ம தேயிலை பெட்டியில வாளோட சிங்கம் நிக்குமே, அது தேயிலை சபையோட பதிவு முத்திரை. முழுக்க இலங்கை தேயிலையா இருந்து இங்கயே பெட்டி போட்டா தான் அதை குத்தலாம், வெளிநாட்டுல கலந்து பெட்டி போடுறவன் தொடக்கூடாது. அது வேணும்டி, கண்டவனும் சிலோன் டீன்னு வித்தா நம்ம கொழுந்துக்கு ஏது விலை. ஆனா அந்த பேரை காப்பாத்துறதுல வர்ற காசு எந்த லயத்து கதவை தட்டுச்சுன்னு மட்டும் கேக்காத. அம்மா இன்னும் கொழுந்துக்கு போகுது, சிங்கம் போட்ட பெட்டி ஒண்ணு நான் டவுன்ல வாங்கிட்டு போனா விலைய பாத்துட்டு ஏசுது, வீட்டுல தோட்டத்து ஸ்டோர்ல குடுக்கிற தேயிலை தூள் தான்.

சரி, போனுக்கு வர்றேன். பிள்ளைக்கு ஐபோன் வேணாம், அவ அழுதாலும் வேணாம். பாட்ஸ் இங்க லேசா கிடைக்கிற சாதாரண போனா பாரு, பற்றரி பெரிசா இருக்கணும், ஒன்லைன் கிளாஸ் பாக்குறதுக்கு அது போதும். அப்பிடியே அங்க லெமினேட்டிங் மெசின் என்ன விலைன்னு கேட்டு சொல்லு. பேர் பெத்த கம்பனியா எல்லாம் பாக்காத, சூடு ஒழுங்கா ஏறினா சரி.

புஷ்பா