மட்டமில்லாத நிலத்திலும் ஒரு விளையாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு விளையாட மைதானம் இல்லை என்று வாசகர்கள் உங்களுக்கு எழுதுவது புதிதில்லை, நானும் முன்பு எழுதியிருக்கிறேன். இந்த முறை மைதானம் கேட்டு எழுதவில்லை. போன ஓகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளைப் பக்கம் ஒருவருடைய சொந்தக் காணியில் டிஸ்க் கோல்ஃப் விளையாடிவிட்டு வந்தேன், அதைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரையில் வீசி விளையாடும் ஃபிரிஸ்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஆனால் அதைவிடச் சின்னது, விளிம்பு கூர்மையானது, எடை பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரை இருக்கும். தொடங்கும் இடத்தில் நின்று வீச வேண்டும், விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும், கடைசியில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் போட வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் வென்றார். 1975இல் கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் ஓக் குரோவ் என்ற பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர்தான் இதற்கு முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். அப்போது வெறும் கம்பங்களைத்தான் இலக்காக நட்டிருந்தார்கள். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் தீராமல்தான் அப்புறம் சங்கிலிக் கூடை வந்ததாம். இந்தக் கம்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

காணிக்காரர் பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வாங்கிய நிலத்தில் பாதி காடாகிப்போன பழைய தேயிலை, மீதி டர்பன்டைன் மரம், நடுவில் ஒரு ஓடை. யாரும் விவசாயம் செய்யத் தயங்குகிற சரிவு. அதில் அவர் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் ஒன்பது கூடைகளை நட்டிருக்கிறார். கூடைகள் எல்லாம் உள்ளூர் வெல்டிங் கடையில் இரும்புக் குழாயும் சங்கிலியும் கொடுத்துச் செய்வித்தவை, தட்டுகள் மட்டும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பியவை. அது தனியார் இடம், கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். என் தங்கை மகனுக்குப் பதினான்கு வயது, அவனையும் கூட்டிக்கொண்டு தலவாக்கலையிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் இரண்டு கூடை லேசு. மூன்றாவதில்தான் விஷயம் புரிந்தது. ஒரு பாறைமேல் நிற்கிறோம், கூடை கீழே ஓடைக்கரையில், நேராகப் பார்த்தால் கைக்கெட்டும் தூரம் மாதிரி இருக்கிறது. வலது கைக்காரர் உடம்புக்குக் குறுக்கே கையை இழுத்து வீசினால், வேகம் குறையும்போது தட்டு இடது பக்கம் சாய்ந்து விழும், அது அதன் இயல்பு. மட்டமான இடத்தில் அந்தச் சாய்வு சில மீற்றர்தான். மேலேயிருந்து வீசினால் தட்டு வெகுநேரம் காற்றில் இருக்கும், அவ்வளவு நேரமும் சாய்ந்துகொண்டே போகும். நான் கூடையைப் பார்த்து வீசினேன், தட்டு இடது பக்கப் பள்ளத்தில் இறங்கியது. காணிக்காரர் கூடையைப் பார்க்கவே இல்லை, வலது பக்கம் தூரத்தில் நின்ற ஒரு வாகை மரத்தைக் குறிபார்த்து மெதுவாக விட்டார், தட்டு சுற்றி வந்து கூடைக்குப் பக்கத்தில் இறங்கியது.

அன்று ஊவா மாகாணத்தின் வரண்ட காற்று வேறு. ஜூலை, ஓகஸ்ட்டில் அடிக்கும் அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் வாசத்தைக் கொடுக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறோம், அதே காற்று ஒரு தட்டை என்ன பாடு படுத்தும் என்று அன்றுதான் பார்த்தேன். எதிர்க்காற்றில் பலமாக வீசினால் தட்டு வலது பக்கம் புரண்டுவிடுகிறது. காற்று பின்னாலிருந்து வந்தால் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இடது பக்கம் சாய்கிறது.

ஐந்தாவது கூடை டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே. இரண்டு ஆள் சேர்ந்து நடக்கிற அகலம்தான் வழி. அங்கே பலம் செல்லாது, நிதானம்தான் செல்லும். ஏழாவது கூடை மேட்டில், பழைய கல்லுக்கட்டின் விளிம்பிலேயே நிற்கிறது. கூடையைத் தவறவிட்ட தட்டு குத்திட்டு விழுந்து வண்டிச் சக்கரம் மாதிரி உருண்டு, வடிகான் தாண்டி, தேயிலை நிரை தாண்டி, நாம் ஏறி வந்த தூரம் முழுவதையும் திரும்ப இறங்கிவிடும். எனக்கு அப்படி இரண்டு முறை ஆனது. ஒவ்வொரு கூடைக்கும் மூன்று வீச்சு என்று ஒன்பது கூடைக்கும் 27 வீச்சு கணக்கு, நான் 49 வீசினேன், மருமகன் 44. ஒவ்வொன்றும் எங்கே தவறியது, ஏன் தவறியது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பேசிக்கொண்டே வந்தோம். வகுப்பில் ஒரு கணக்கைப் பற்றி அவன் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு விதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லைக்கு வெளியே தட்டு போனால் ஒரு வீச்சைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டு விளையாட்டைத் தொடரலாம். எங்கள் தோட்டத்தில் பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற களத்தில், கிரிக்கெட் விளையாடியவர்களுக்கு நான் என்ன சொல்ல வருகிறேன் என்று உடனே புரியும். பள்ளத்துப் பக்கம் அடித்தால் அவுட், அதுதான் எங்கள் சட்டம். நன்றாக அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் இருக்கப் பழகினான், ஏனென்றால் பந்து கீழே பணியக் கணக்குப் பக்கத்துத் தேயிலைக்குள் உருண்டு போய்விடும், வேறு பந்து வாங்கக் காசு இல்லை. எங்களோடு விளையாடிய எத்தனையோ நல்ல கைகள் அந்தச் சட்டத்தோடு முடிந்துபோயின. எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது. அந்தக் காணியில் நின்றபோது, சரிவை எதிரியாக நினைக்காத ஒரு விளையாட்டை முதன்முறையாகப் பார்த்தேன்.

மைதானம் கேட்டு நாங்கள் எத்தனை மனு கொடுத்திருப்போம்! மலையை வெட்டி மட்டமாக்கத்தான் வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியில் கேட்டுக்கொண்டு தூங்காமல் இருக்கிற சனம் நாம். லயத்துக்கு மேலேயோ கீழேயோ சரிவை வெட்டி ஒரு மைதானம் அமைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்பது கூடைக்கு ஒன்பது குழி தோண்டினால் போதும், ஒவ்வொன்றும் வேலிக் கம்பம் நடுகிற அளவு.

நுவரெலியாவில் 1889இல் தொடங்கிய கோல்ஃப் கழகம் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது அதன் புல்வெளியைப் பார்க்காதவர்கள் இல்லை. என் பெரியப்பா இளவயதில் அங்கே பை தூக்கப் போனவர், அந்தப் புல்லில் ஒரு நாளும் மட்டையைப் பிடித்ததில்லை. அவ்வளவு புல்லைப் பராமரிக்க யாரால் முடியும்? இந்த விளையாட்டுக்கு அது தேவையில்லை. அமெரிக்காவிலும் பின்லாந்திலும் பெரும்பாலான திடல்கள் பொதுப் பூங்காவிலும் காட்டிலும் இலவசமாகத்தான் இருக்கின்றன. தட்டு இருந்தால் போய் விளையாட வேண்டியதுதான்.

சரி, பிரச்சினையே இல்லையா என்றால், இருக்கிறது. அட்டைக்கடி இருக்கிறது, சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் போனோம். அதைவிட முக்கியம், அந்தத் தட்டு ஒருவர் முகத்தில் பட்டால் லேசான காயமாக இருக்காது. காணிக்காரர் இதில் கண்டிப்பானவர். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்க ஆள் இறங்கினால் நான்காவது, ஐந்தாவது கூடைகளை மூடிவிடுகிறார். அன்றும் மூடினார், நாங்கள் ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய அக்காமார் நின்று பார்த்தார்கள். "என்னா சேர், சின்னப் புள்ளைங்க மாதிரி தட்ட வீசிக்கிட்டு?" என்று ஒருவர் கேட்டார். காணிக்காரர் ஒரு தட்டை அவர் கையில் கொடுத்து நிற்கும் விதத்தைக் காட்டினார். முதல் வீச்சு காலடியில் விழுந்தது, மூன்றாவது வீச்சில் சங்கிலி சத்தம் போட்டது. அவர் கூடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க புள்ளைங்களயும் விடுவீங்களா?" என்று கேட்டார். விடுவேன் என்றார் காணிக்காரர். இப்போது சனிக்கிழமை காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள்.

ஆனால் ஒரு நல்ல மனிதரின் காணியை நம்பி எத்தனை பிள்ளைகள் விளையாட முடியும்? தோட்ட நிர்வாகங்களிடமும் பிரதேச சபைகளிடமும் நான் கேட்பது சின்ன விஷயம்தான். கைவிட்டுக் காடாகிக் கிடக்கிற தேயிலை மலை ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு துண்டை, ஒரே ஒரு துண்டை, பிள்ளைகளுக்கு விடுங்கள். மண்சரிவு அபாயமில்லாத இடம்தானா என்று பார்த்துக் கொடுங்கள். விளையாட்டு உத்தியோகத்தர்கள் வந்து விதிகளைச் சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவி. கூடைக்குப் பணம் இல்லையென்றால் கம்பத்தில் தொடங்கலாம், கலிபோர்னியாவில் தொடங்கியதும் கம்பத்தில்தானே. எங்கள் பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வேலிக் கம்பங்களில் சிவப்புத் துணி கட்டி நான்கு இலக்குகள் வைத்துவிட்டோம். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள்தான் முதலில் வந்தார்கள்.

எங்களிடம் மூன்று தட்டுகள்தான் இருக்கின்றன, மூன்றும் அந்தக் காணிக்காரர் தந்தவை. வெளிநாட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் யாராவது பழைய தட்டு அனுப்ப நினைத்தால், தூரம் வீசுவதற்கான, கூர்மையான விளிம்புள்ள டிரைவர் தட்டு வேண்டாம், அது பழகியவர்களுக்கு, சின்னப் பிள்ளைகள் கையில் ஆபத்து. கிட்டத்தில் நின்று கூடைக்குள் போடுவதற்கான, மொட்டை விளிம்புள்ள பட்டர் (putter) தட்டுகளாகப் பார்த்து அனுப்புங்கள், 150 கிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் நல்லது. சிவப்போ மஞ்சளோ செம்மஞ்சளோ எதுவானாலும் சரி, பச்சை மட்டும் வேண்டாம், தேயிலைக்குள் விழுந்தால் கண்டுபிடிக்க முடியாது.

கணித ஆசிரியர்,
தலவாக்கலை