சத்தம் வந்தால்தான் சிகிச்சையா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

“இன்றைக்குச் சத்தமே வரலையே, எலும்பு சேரலையோ?” கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் தள்ளியும் அசைத்தும் செய்யும் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் நீரில் அழுத்தம் சட்டென்று குறைந்தால் வாயுக் குமிழி உண்டாகும். அந்தச் ‘சடக்’ அதுதான். ஒருமுறை சொடுக்கிய மூட்டு மறுபடி சொடுக்க ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும். சத்தம் வராமலே வலி இறங்குவதுண்டு, வந்தும் இறங்காததுண்டு.

கையால் செய்யும் முறையில் உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, இடுப்பு மூட்டைத் திரும்பக்கூடிய எல்லைவரை மெதுவாகக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு சின்ன, வேகமான தள்ளு. மூச்சை விடும் நேரத்தில் செய்வோம். உடம்பை இறுக்கிப் பிடித்தால் தசைதான் நோகும்.

வயதானவர்களுக்கும் எலும்பு தேய்ந்தவர்களுக்கும் அந்தத் தள்ளு வேண்டாம். பேனை அளவில் ஸ்பிரிங் வைத்த கருவியால் தட்டுவோம், அல்லது சரிந்திறங்கும் கட்டிலில் கிடத்துவோம். அழுத்தும்போது கட்டிலின் ஒரு துண்டு ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கும். விசையில் ஒரு பங்கைக் கட்டிலே வாங்கிக்கொள்ளும்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு குனிந்து நிமிர்ந்து, வலி தொடையில் இறங்கி கெண்டைக்கால்வரை இழுக்கிறதென்றால் அநேகமாக டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) நரம்பை நெருக்குகிறது. அதற்குக் குப்புறப் படுக்கவைத்து, கட்டிலின் கால்பக்கத்தைக் கீழே சரித்து இழுப்போம்: ஒரு இழுப்பு 4 விநாடி, ஐந்து இழுப்பு ஒரு சுற்று, மொத்தம் மூன்று சுற்று. இழுக்கும்போது கால்வலி கூடினால் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணமில்லை.

கழுத்து வேறு விஷயம். முடிவெட்டும் கடையில் இலவசமாக முறுக்கிவிடுவதை நிறுத்துங்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனாலும் வந்தால் பெரிய கேடு. தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, விழுங்கக் கஷ்டம், திடீரென்று வந்த கடும் கழுத்துவலி இருந்தால் நாங்களும் கழுத்தைத் தொடமாட்டோம்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ எங்களிடம் வராதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சரிவில் விழுந்தவர்களும், இராக்காய்ச்சலோடு முதுகுவலியும் மெலிவும் உள்ளவர்களும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். முதுகெலும்பிலும் காசநோய் வரும்.

சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் தசை நோவது வழக்கம். சுடுதண்ணி ஒத்தடம் 15 நிமிடம் போதும். அன்றைக்குக் கூடை சுமக்காதீர்கள், தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். ஆனால் படுத்தே கிடக்கவும் வேண்டாம், நடங்கள். அரைப்பேர் (அரைநாள் கூலி) போய்விடுமே என்று அன்றே மலைக்கு ஏறுகிறவர்களுக்குத்தான் வலி திரும்புகிறது. கூலியின் நிலைமை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. அதனால்தான் ஓய்வு நாளுக்கு முந்திய மாலையில் நேரம் தருகிறோம்.

சாதாரண இடுப்புவலிக்கு இந்த முறைகள் ஓரளவு உதவும், ஏறக்குறைய முறையான உடற்பயிற்சி அளவுக்கு. ஆஸ்துமா, சீனி, பிரஷர் இதனால் தீராது. நான்கு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு டாக்டருக்குக் கடிதம் தருவோம். முன்பணம் கட்டும் ‘பெக்கேஜ்’ எங்களிடம் இல்லை.

வரும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து குடிப்பவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். பழைய எக்ஸ்ரே இருந்தால் நல்லது, இதற்காகப் புதிதாக எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சிகிச்சை நிலையத்தார்,
ஹட்டன்