புகை வரும் வழி

போல்டர், கொலராடோ

அன்புள்ள அம்மா,

போன வாரம் போனில் சரியாகப் பேசவில்லை என்று வருத்தப்படாதே. "அப்படி என்னடி வேலை, புகை எங்கே போகுதுன்னு பார்க்கிறதா?" என்று கேட்டாயே, அதேதான் அம்மா. இங்கே கோடை வந்தால் காட்டுத்தீயும் வந்துவிடும், தீ எங்கோ எரிந்தாலும் புகை வீடு தேடி வரும். 2023 ஜூனில் கனடாவின் கியூபெக் காடுகள் எரிந்து நியூயார்க் வானம் ஆரஞ்சாக மாறியதை டிவியில் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் போன் பண்ணினாயே, அந்த மாதிரி.

புகையைக் கணிக்கும் எங்கள் கணினி மாடல் நாட்டை 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து மணிக்கொரு தடவை கணக்குப் போடுகிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம், புகை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதில்தான் திணறுகிறோம். தீ கொழுந்துவிட்டு எரிந்தால் அந்தச் சூட்டிலேயே புகை பல கிலோமீட்டர் மேலே ஏறி, பக்கத்து ஊரைத் தொடாமல் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். கனன்றுகொண்டிருந்தால் தரையோடு தவழ்ந்து வந்து, ராத்திரி தரை குளிர்ந்ததும் பள்ளத்தாக்கில் அப்படியே தேங்கிவிடும். தீயின் சூட்டைச் செயற்கைக்கோள் அளந்து தருகிறது, ஆனால் நடுவில் மேகம் வந்துவிட்டால் அதற்குக் கண் தெரியாது.

போன வாரம் அதுதான் நடந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆஸ்துமா, நாளைக்கு விளையாட அனுப்பலாமா என்று அவன் அம்மா என்னிடம் கேட்டாள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தாராளமாக அனுப்புங்கள் என்றேன். காலையில் கண் விழித்தால் அறை முழுக்கப் புகை நாற்றம், ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் சாம்பல் ஒட்டுகிறது. காற்றில் நுண்துகள் அளவு, இங்கே ஒரு நாள் சராசரிக்கு வைத்திருக்கும் கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். நல்லவேளை, பையன் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இங்கே நிறையப் பேர் வீட்டுச் சுவரில் சின்னச் சின்னக் காற்று உணரிகள் மாட்டி வைத்திருக்கிறார்கள். புகையில் அவை கூடுதலாகவே காட்டும், அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். சரி, திருத்திவிட்டு, மேகம் மறைக்கிற நாட்களில் அவற்றை மாடலுக்குக் கொடுத்தால் என்ன? ராத்திரியெல்லாம் இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம், அந்தப் பையனின் அறைக்கு ஒரு காற்று வடிகட்டி வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன் அம்மா.

உன் மகள்