வேலியை வெட்டச் சொல்லாதே

போச்சம்பள்ளி,
மார்கழி 10

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் போன வாரமே வந்தது. மூட்டு வலி தணிந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மழை ஓய்ந்துவிட்டது. பொழுது விடிந்து வெகு நேரம் பனி விலகுவதில்லை. மாமரங்களில் துளிர் முற்றிவிட்டது, தை பிறந்தால் பூ எடுக்க ஆரம்பிக்கும்.

தோட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு வேலி முழுக்க ஒட்டடையாக இருக்கிறது, வெட்டி எரித்துவிடலாம் என்று குத்தகைக்காரர் உன்னிடம் போனில் சொன்னாராம். தயவுசெய்து சம்மதிக்காதே. அந்த முள்ளில் தொங்குகிற ஒவ்வொரு கூட்டிலும் சிலந்திகள் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கின்றன. ஸ்டெகோடைபஸ் சரசினோரம் என்பது அவற்றின் அறிவியல் பெயர். உலகத்தில் இதுவரை 50,000க்கு மேற்பட்ட சிலந்தி வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் காலம் முழுக்கக் கூடி வாழ்பவை முப்பதைக்கூடத் தாண்டாது. மற்றவற்றில் பெரும்பாலானவை தனியே வாழ்கிறவை, தன் இனத்தையே பிடித்துத் தின்னவும் தயங்காத ஜாதி. நம் எல்லை தாண்டினால் ஆந்திரத்தில் இருக்கிற குப்பம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் வந்து தங்கி இவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். உன் வேலியில் அவை தானாகவே குடிவந்திருக்கின்றன.

கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். கூடு ஒரு கையளவுதான். காய்ந்த இலை, வண்டின் ஓடு, வெட்டுக்கிளியின் கால் என்று எல்லாவற்றையும் நூலில் சேர்த்து நெய்திருக்கும். அங்கங்கே துவாரங்கள், அவற்றிலிருந்து கிளைக்குக் கிளை விரிந்த வலை. அந்த வலையில் பசை கிடையாது. பின்னங்காலில் இருக்கிற சீப்பு மாதிரியான மயிர் வரிசையால் நூலைச் சீவிப் பஞ்சாக்கி விடுகின்றன. பூச்சியின் கால் அதில் சிக்கினால் மீளாது. போன வாரம் ஒரு வெட்டுக்கிளி வந்து விழுந்தது. முதலில் இரண்டு சிலந்திகள் எட்டிப் பார்த்தன. அது துடிக்கத் துடிக்க, துவாரங்களிலிருந்து இன்னும் நாலைந்து ஓடிவந்தன. ஒன்று இறக்கையைக் கடித்தது, ஒன்று தொடையைப் பற்றி இழுத்தது. தனி ஒரு சிலந்தியால் தொடவே முடியாத இரை அது. கொஞ்ச நேரத்தில் மொத்தமாகக் கூட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

இவற்றில் ஆண்கள் ரொம்பக் குறைவு. குஞ்சு பொரித்ததும் தாய் தன் வயிற்றில் கரைத்த உணவைக் கக்கி ஊட்டுகிறது. கடைசியில் குஞ்சுகள் அந்தத் தாயையே உறிஞ்சித் தின்றுவிடுகின்றன. தாய் எதிர்ப்பதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஆனால் தெரிந்த பிறகு அந்தக் கூடுகளைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

சரி, மரத்துக்கு வா. கிணற்றோரம் இருக்கிற பெங்களூரா மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. பழம் பறிக்கிறவர்களை அது என்ன பாடு படுத்தும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டின் பக்கத்தில் பொறுமையாக நின்று பார்த்தால், முசுறு வரிசையில் சேராமல் ஓரமாகத் தனியே நடக்கிற ஒன்று கண்ணில் படும். நிறம் அதே செம்பழுப்பு, இடுப்பும் அதே ஒல்லி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு ஆட்டுகிற மாதிரியே ஆட்டும். எண்ணினால் கால் எட்டு! விரலை நீட்டினால் நூலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும், எறும்புக்கு அது முடியாது. ஆண் சிலந்திக்கு முன்னால் நீண்ட தாடை வேறு. ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருக்கும். இது எறும்பை வேட்டையாடுவதில்லை. முசுறு என்று நினைத்துக் குருவியும் குளவியும் விலகிப் போகின்றன, அந்த லாபம் போதும் அதற்கு. முசுறு போல வேஷம் போட்டு முசுறையே தின்கிற இன்னொரு சிலந்தியும் உண்டு, நண்டுச் சிலந்தி வகை. அது இன்னும் உன் தோட்டத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் பூச்சிமருந்து. பூ எடுக்கும்போது, பூவின் சாற்றை உறிஞ்சுகிற தத்துப்பூச்சிக்குப் பயந்து தோட்டம் முழுக்க அடிக்கிறார்கள். சிலந்திகள் தத்துப்பூச்சியைத் தின்கிறவை. சைபர்மெத்ரின் மாதிரி மருந்து இரண்டையும் சேர்த்துக் கொல்லும், பிறகு முதலில் திரும்பி வருவது தத்துப்பூச்சிதான். பூங்கொத்தைத் தட்டிப் பார்த்து, பூச்சி மிகுதியாகத் தெரிந்த மரத்துக்கு மட்டும் அடிக்கச் சொல். அறுப்பு முடிந்ததும் உள்கிளையைக் கவாத்து செய்து வெயில் விழ வைத்தால் பாதித் தொல்லை தானாகக் குறையும். நிழல் அடர்ந்த மரத்தில்தான் அது பெருகுகிறது. குத்தகைக்காரர் கெட்டவர் இல்லை, செலவு மிச்சமாகும் என்று நீ சொன்னால் கேட்பார்.

சேலம் ஜில்லா காடையாம்பட்டியில் கிடைத்த பெரிய மரப்பொந்துச் சிலந்திக்கு 1899இல் போகாக் என்ற ஆங்கிலேயர் பொசிலோதீரியா ஃபார்மோசா என்று பெயர் வைத்தார். அப்போது நம் ஊரும் சேலம் ஜில்லாதான். தருமபுரி பிரிந்தது 1965, கிருஷ்ணகிரி 2004. சாலையோரப் புளியமரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலந்தி ஞாபகம் வரும். பொந்து விழுந்த கிழட்டு மரம்தான் அதற்கு வீடு. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் சாய்வதும் அந்த மரம்தான். மனசு பொறுக்கவில்லை.

பொங்கலுக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறாய் அல்லவா? ராத்திரி வரப்பில் நடப்போம். டார்ச்சைக் கண்ணுக்கு நேராக நெற்றியில் வைத்துப் பிடித்தால், புல்லுக்குள் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் பச்சையாக மின்னும். நோட்டுச் சரிபார்க்கிற புற ஊதா டார்ச் கிடைத்தால் வாங்கி வா, தேள் நீலப்பச்சையாக ஒளிர்வதை அவளுக்குக் காட்டலாம். ஷூ கட்டாயம் போட வேண்டும். செந்தேள் கொட்டினால் மந்திரம், பச்சிலை என்று நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மகாராஷ்டிரத்தில் மகாட் ஊரில் டாக்டர் பவஸ்கர் பிரசோசின் மாத்திரை கொடுத்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தச் சிகிச்சை வந்த பிறகுதான் சாவு வெகுவாகக் குறைந்தது.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது. அப்புறம், குத்தகைக்காரரிடம் இன்றைக்கே பேசிவிடு. அமாவாசை கழிந்ததும் ஆள் விடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
கோவிந்தன்