கோடைக்காலத் திபெத்தியப் பேச்சுமொழி வகுப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். காத்மாண்டுவின் போதா பகுதியில் கோடைக்காலத் தீவிர வகுப்பில் பேச்சுத் திபெத்தியம் பயிலவிருக்கும் உறுப்பினர்கள், புறப்படும் முன்பே 30 மெய்யெழுத்துகளையும் 4 உயிர்க்குறிகளையும் தடுமாறாமல் வாசிக்கப் பழகிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வகுப்பு தொடங்கியபின் எழுத்துக்கூட்டிப் படிக்க அவகாசம் கிடைப்பது அரிது.

எழுத்துக்கும் ஒலிப்புக்கும் உள்ள இடைவெளி பெரிது. எட்டு என்னும் எண்ணை ப, ர, க, ய, த என ஐந்து எழுத்துகள் சேர்த்து எழுதினாலும், திபெத்தின் தலைநகரான லாசாவின் வழக்கில் ஏறத்தாழ 'கியே' என்றே ஒலிப்பார்கள். ஆகவே காதால் கேட்டுப் பழகுவதே முதன்மையானது.

இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டுவது வினைமுடிவு. கடையில் வெண்ணெய் இருப்பதைக் கண்ணால் கண்டு சொன்னால் 'துக்', பொதுவாக அறிந்ததைச் சொன்னால் 'யோரே', தன்னிடம் இருப்பதைச் சொன்னால் 'யோ' என்று முடிக்க வேண்டும். விதியை மனப்பாடம் செய்வதால் இது கைவராது. நாள்தோறும் பேசிப் பேசியே படிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களிடம் பேசும்போது கை, தலை, உண்ணுதல் ஆகியவற்றுக்குக்கூட தனி மரியாதைச் சொற்கள் உண்டு. அவற்றைத் தம்மைக் குறித்துப் பயன்படுத்தலாகாது.

மாலையில் போதாவிலுள்ள பௌத்த ஸ்தூபியை வலம் வருவோரிடம் தயங்காமல் பேச்சுக்கொடுங்கள். திபெத்தின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளான காம், அம்தோ வட்டாரத்தாரின் பேச்சு விளங்காவிட்டால் மனம் தளர வேண்டாம். வகுப்பில் கற்பிக்கப்படுவது லாசாவை ஒட்டிய வழக்கு. எவருடைய பேச்சையும் பதிவு செய்வதாயின் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். அப்பதிவுகளை இக்குழுவில் பகிர வேண்டாம்.