முப்பத்தோரு நொடி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
19-1-2025

அன்புள்ள லூர்து,

பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். பதிலையும் அப்படியே பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சொல்ல வேண்டிய சமாச்சாரத்தில் கொஞ்சம் கணக்கு வழக்கு இருக்கிறது. பேசினால் நடுவில் உளறிவிடுவேன். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஊர்ச் செய்தி. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி நம்ம ஊர்ப் பக்கம்தான் கரையைக் கடந்தது, நீயும் பார்த்திருப்பாய். 2011இல் தானே புயல் வந்தபோது காற்றுதான் ஆடித் தீர்த்தது. இந்த முறை மழை. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தரையில் வைத்திருந்த யுபிஎஸ் நான்கும் போச்சு. வீட்டில் மாடிச் சுவர் ஊறிப்போய், பரண் மேல் கிடந்ததை எல்லாம் இறக்கினோம். அப்போதுதான் அந்த டின் கிடைத்தது. உன் பெரியப்பா பிரான்சிலிருந்து கொண்டுவந்த நீல பிஸ்கட் டின். துரு ஏறி மூடி திறக்க மாட்டேன் என்றது, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். உள்ளே பதினோரு ஃபிளாப்பி. ஒன்றில் உன் கோணல் கையெழுத்து: ‘பழனி, இதைப் பார்த்துட்டுப் பேசு.’

டூம் என்கிற அந்தத் துப்பாக்கி விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஆடி, அதை ரெக்கார்டு பண்ணி, சைக்கிளில் வந்து என் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாயே, அதே ஃபிளாப்பி. ஆறு படித்தன. மற்றதில் பூஞ்சை. இது படித்தது. யுஎஸ்பியில் மாட்டும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதையைப் பற்றி எழுத வேண்டாம்.

உள்ளே ஒரே ஒரு கோப்பு: லூர்து3.எல்எம்பி. தேதி 12-10-1997, ஞாயிற்றுக்கிழமை. அளவு 27,610 பைட். இப்போது என் பிழைப்பு சிசிடிவி மாட்டுவதுதான் என்று உனக்குத் தெரியும். நாலு கேமரா ஓடினால் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு மூணு வாரத்தில் நிரம்பி, பழையதை அழித்து அதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். திருட்டு நடந்து ஒரு மாதம் கழித்து வந்து கேட்கிறவர்களிடம் கையை விரிக்க வேண்டியதுதான். இங்கே வெறும் 27 கேபியில் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆட்டம் முழுசாக இருக்கிறது. எப்படி?

அதில் படமே கிடையாது, லூர்து. அப்போது நாம் அதை வீடியோ என்றுதான் நினைத்தோம். டூம் நொடிக்கு 35 தடவை ‘இப்போது கீபோர்டில் எந்தச் சாவி அமுங்கியிருக்கிறது’ என்று பார்க்கும். ஒவ்வொரு தடவைக்கும் நாலு பைட்: முன்னே பின்னே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினாய், சுட்டாயா கதவைத் திறந்தாயா. அவ்வளவுதான் பதிவாகிறது. ஒரு நிமிஷத்துக்கு 8,400 பைட். தலைப்பில் எந்தப் பதிப்பு, எந்த லெவல், எவ்வளவு கடினம் என்று 13 பைட், முடிவில் ஒரு பைட். அதைக் கழித்து நாலால் வகுத்தால் 6,899. அதை 35ஆல் வகுத்தால் 197 நொடி. உன் விரல்கள் 197 நொடி என்ன செய்தன என்பது அந்தக் கோப்பில் இருக்கிறது. சுவர், இம்ப் என்கிற அந்த ராட்சசன், அவன் எறியும் தீயுருண்டை எல்லாம் அன்றன்றைக்கு அந்தந்தக் கம்ப்யூட்டர் புதிதாக உண்டாக்கிக்கொள்வது.

சரி, அப்படியென்றால் இம்ப் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி நடந்து, நீ சுட்ட இடத்தில் இல்லாமல் போகாதா? இங்கேதான் நம் பழைய சண்டை வருகிறது.

நாம் 97இல் புத்தம் புதுசு என்று ஆடினோமே, அது 1993 டிசம்பர் 10ஆம் தேதியே வெளியானதாம். ஐடி சாஃப்ட்வேர் என்கிற சின்னக் கம்பெனி, டெக்சாஸில். முதல் ஒன்பது லெவலை இலவசமாக விட்டுவிட்டு, பிடித்தால் மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்றார்கள். பத்திரிகையோடு வந்த சிடியில் நமக்குக் கிடைத்தது அந்த ஒன்பதுதான். கடைசிவரை மிச்சத்தை நாம் வாங்கவேயில்லை. நீ இந்த ஃபிளாப்பியைக் கொடுத்த ரெண்டே மாதத்தில், 1997 டிசம்பரில், அந்த விளையாட்டின் சோர்ஸ் கோடையே, அதாவது அதை எழுதிய நிரலையே, உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். ஒலி பாகம் வேறு யாருக்கோ சொந்தம் என்பதால் அதை மட்டும் எடுத்துவிட்டு. நான் போன மாதம்தான் உட்கார்ந்து படித்தேன். கடை மூடிக்கிடந்த பத்து நாளில் வேறு வேலையும் இல்லை.

அதிர்ஷ்டத்துக்கு அவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியல். 0, 8, 109, 220, 222, 241 என்று போகிறது. யாரோ தாயக்கட்டையை 256 தடவை உருட்டி விழுந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட மாதிரி. விளையாட்டுக்கு ‘எதேச்சையாக’ ஒரு எண் வேண்டும் என்றால் பட்டியலில் அடுத்ததை எடுக்கும். முடிந்தால் முதலிலிருந்து. புது ஆட்டம் தொடங்கினால் மறுபடி முதலிலிருந்து. இம்ப் எந்தப் பக்கம் திரும்புகிறது, குண்டு எவ்வளவு காயம் பண்ணுகிறது, எல்லாம் இதே பட்டியலில்தான். அதனால் அதே சாவிகளை அதே நேரத்தில் அமுக்கினால் அச்சு அசலாக அதே ஆட்டம்தான் நடக்கும். பாரிஸில் ஓட்டினாலும் முத்தியால்பேட்டையில் ஓட்டினாலும்.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன். நீ என்ன சொல்வாய்? ‘விட்டு விட்டுச் சுடுடா, முதல் குண்டு நேராப் போகும்.’ நான் கன்ட்ரோல் சாவியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, ‘எல்லாம் அதிர்ஷ்டம்டா’ என்பேன். பந்தயம்கூடக் கட்டினோம். தோற்றவன் ஒரு மாதம் மற்றவனை டபுள்ஸ் வைத்து லாஸ்பேட்டை காலேஜ் வரை மிதிக்க வேண்டும் என்று. யார் ஜெயித்தது என்று தெரியாமலே விட்டுவிட்டோம்.

நிரலில் தெளிவாக இருக்கிறது. கைத்துப்பாக்கியில் சாவியை விட்டுவிட்டு அமுக்கினால் குண்டு துல்லியமாகப் போகும். அமுக்கிப் பிடித்திருந்தால், இரண்டாவது குண்டிலிருந்து பட்டியலில் இரண்டு எண்ணை எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து அந்த அளவுக்குக் கோணத்தைத் திருப்பிவிடுகிறது. அதிகபட்சம் ஐந்தரை டிகிரி சொச்சம். தூரத்தில் நிற்கிறவனைத் தவறவிட அது தாராளமாகப் போதும். காயம் மட்டும் இரண்டு வகையிலும் பட்டியல் கையில்தான்: 5, 10, அல்லது 15. ஆக, குண்டு போகும் திசையில் நீ சொன்னது சரி. காயத்தில் மட்டும் என் ‘அதிர்ஷ்டம்’ கொஞ்சம் நிற்கும், ஆனால் பந்தயம் அதைப் பற்றி இல்லை. தோற்றேன். சைக்கிள் மிதிக்க என் முழங்கால் இப்போது ஒத்துக்கொள்ளாது, ஸ்கூட்டரில் வேண்டுமானால் கூட்டிப்போகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 486 கம்ப்யூட்டரில் இவ்வளவு வேகமாக எப்படி ஓடுகிறது என்று நீ அப்போதே கேட்டாய். நான் ‘நல்ல மெஷின்டா’ என்று சொல்லி வாயை மூடினேன். நாலு எம்பி நினைவகத்தில், அதற்கும் பழைய 386லேயே ஓடும்படி எழுதியது அது. உண்மையான வித்தை வரைவதில் இருக்கிறது. கடற்கரையில் காந்தி சிலைக்கிட்ட நின்று ஊரை வரைய வேண்டும் என்று வை. பெரிய வாய்க்காலை ஒரு கோடாக நினைத்துக்கொள். நீ நிற்பது கோட்டுக்குக் கிழக்கே. கிழக்கே இருக்கிற வீடு மேற்கே இருக்கிற வீட்டை மறைக்கலாம், மேற்கே இருப்பது கிழக்கே இருப்பதை ஒருக்காலும் மறைக்காது. அதனால் கிழக்கை முதலில் வரை. அந்தக் கிழக்குக்குள் துய்மா வீதியை அடுத்த கோடாக்கு. நீ அதற்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இப்படியே பிரித்துக்கொண்டு போனால் கிட்ட இருப்பதிலிருந்து எட்ட இருப்பது வரை வரிசை தானாக விழுந்துவிடும். கோடுகளை எல்லாம் லெவலைத் தயார் பண்ணும்போதே கிழித்து வைத்துவிடுவார்கள். ஆடும்போது ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வி மட்டும்தான். திரை அகலம் 320 புள்ளி. ஒவ்வொரு பத்தியிலும் சுவர் முழுசாக விழுந்ததும் அதை மூடிவிடும், 320உம் மூடியாச்சென்றால் அதற்குப் பின்னால் எத்தனை சுவர் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. இந்த யோசனை 1980லேயே ஃபுக்ஸ், கெடெம், நெய்லர் என்று மூன்று பேர் எழுதிய கட்டுரையில் இருந்தது. ஐடி சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் அதை எடுத்து ஓடுகிற விளையாட்டுக்குள் வைத்தார்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. டூமில் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை கிடையாது, பார்த்திருக்கிறாயா? எல்லாம் தரையில் போட்ட கோலம்தான், உயரம் மட்டும் தனியாக ஒட்டியது. அதனால் மேட்டில் நிற்கிற நாம் இறங்கப் பார்த்தால் கீழே நிற்கிற ராட்சசன் வானம் வரை வளர்ந்தவன் மாதிரி வழியை மறிப்பான். மெஷின் மாட்டிக்கொண்டது என்று நான் சிபியுவைத் தட்டியதெல்லாம் ஞாபகம் வருகிறது.

உன் வீட்டு கீபோர்டை மட்டும் மறக்கவே முடியாது. பிரெஞ்சு கீபோர்டு, ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ. சாகா வரம் தருகிற ஐடிடிக்யூடி என்ற மந்திரத்தை எத்தனை தடவை அடித்தும் பலிக்காமல், பத்திரிகைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினோம். கடைசியில் ஐடிடிஏடி என்று நீ தப்பாக அடித்ததும் பலித்தது. சாவியில் அச்சடித்த எழுத்தை டூம் பார்ப்பதில்லை, சாவி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

அப்புறம் பெரியப்பா. நாம் கதைக்குறிப்பை அவருக்குப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? செவ்வாயின் போபோஸ் நிலாவில் சோதனை, கதவு திறந்து நரகம் உள்ளே வருவது எதையும் அவர் காதில் வாங்கவில்லை. ‘அந்த சொல்தாவை ஏன் அங்க அனுப்புனாங்க?’ என்று மட்டும் கேட்டார். பொதுமக்களைச் சுடச் சொன்ன அதிகாரியை அந்தச் சிப்பாய் அடித்ததற்காக என்றோம். அவர் இந்தோசீனாவில் இருந்தவர், அல்ஜீரியாவில் இருந்தவர். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ‘செரிதான்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த வீட்டை இப்போது தங்கும் விடுதியாக்கிவிட்டார்கள். முன் திண்ணையை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

உன் கோப்பை ஓட்ட சாக்லேட் டூம் என்று ஒன்று இருக்கிறது. பழைய டாஸ் டூம் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே, அதன் குறைகளோடு சேர்த்து, நடக்க வேண்டும் என்று எழுதியது. போன ஞாயிறு ராத்திரி ஓட்டினேன். பக்கத்தில் என் பெண். நூறு ஜிபி விளையாட்டுக்காரி, முதலில் சிரித்தாள்.

நீ தொடங்கியதும் இடப்பக்கம் ஓடிப் படியேறிப் பச்சைக் கவசத்தை எடுத்தாய். திரும்பும்போது எப்போதும் போலக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி, மறுபடி ஒரு துளி பின்னால் திருத்தினாய். அந்தத் திருத்தத்தைப் பார்த்ததும் உன் தோள் தெரிந்தது, லூர்து. திரையில் துப்பாக்கி பிடித்திருப்பது உன் கைகூட இல்லை, கம்பெனிக்காரன் வரைந்த கைதான், ஆனாலும் நீதான். அப்புறம் டப், டப், டப் என்று விட்டு விட்டுச் சுட்டாய். எனக்காகவே சுட்டிருக்கிறாய். மூன்று குண்டில் ஒருவன் விழுந்தான்.

பச்சைத் திரவத்தின் மேல் கோணல்மாணலாகப் போகிற பாதையைத் தாண்டி, அடுத்த கதவின் முன்னால் நின்றாய். நின்றாய் என்றால் அப்படியே. கீழே அந்த முகம் மட்டும் இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருந்தது. சாக்லேட் டூம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். ‘அப்பா, ஸ்டக் ஆயிடுச்சா?’ என்றாள் பெண். பிறகு கதவு திறந்தது, நீ ஓடினாய், ஆட்டம் முடிந்தது.

கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் பைட் எல்லாம் பூஜ்யம். வரிசையாக 1,085 தடவை. முப்பத்தோரு நொடி நீ சாவியைத் தொடவில்லை. ரெக்கார்டு ஓடுகிறது என்று தெரிந்தும் எழுந்து போயிருக்கிறாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்களா? பிரான்சிலிருந்து போன் வந்ததா? அந்த மாதம்தானே உன் காகிதம் கிடைத்து நீ கிளம்புவது முடிவானது? பெண் சொல்கிறாள், ‘பாத்ரூம் போயிருப்பாருப்பா’ என்று. இருக்கலாம்.

கோப்பை இதோடு அனுப்புகிறேன். பதிப்பு 1.9இன் டூம் கோப்பைத்தான் வைக்க வேண்டும், வேறு பதிப்பில் கணக்குத் தப்பி நீ சுவரில் முட்டிக்கொண்டு நிற்பாய். பார்த்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று எழுது.

அன்புடன்,
பழனி