பதிலையும் நானே சொன்னேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டத் தொழிலாளர்களாக இருந்த பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். இங்கே சுங்கை சிப்புட்டில் அதற்கு முன்வரும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பழைய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பாட்டி. 1943இல் அவருடைய அப்பாவை, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை, பாட்டியின் அப்பாவும்தான். கைப்பேசியோடு போய் உட்கார்ந்தேன். "ஜப்பான்காரன்தானே பிடிச்சிட்டுப் போனான், பாட்டி?" "ஆமாம்மா." "அப்புறம் ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?" "ஆமா." பதிலையும் நானே சொல்லிக்கொடுத்தால் அவர் வேறென்ன சொல்வார்? ஒரு கட்டத்தில் அவராகவே, அம்மா மரவள்ளிக்கிழங்கை எங்கே ஒளித்து வைப்பார் என்று ஆரம்பித்தார். "அதை அப்புறம் பேசலாம் பாட்டி" என்கிறது என் குரல். காற்றாடிச் சத்தத்தில் பாட்டி பேசியது பாதி கேட்கவில்லை, இது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. ஆறு மாதத்தில் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார்.

வேறொரு பதிவை எழுதிக்கொடுத்த மாணவர், 'பெரட்டு' என்று வந்த இடத்திலெல்லாம் 'வருகைப் பதிவு' என்று திருத்தியிருந்தார். நல்ல தமிழாம்! விடியுமுன் களத்தில் வரிசையாக நின்றதும், மேற்பார்வை பார்த்த தண்டல் பேர் கூப்பிட்டதும், பிந்தி வந்தவனுக்குக் கிடைத்த ஏச்சும் அந்த ஒரு சொல்லில் இருந்தன.

தலைநகரில் ஒருநாள் கருத்தரங்கு வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் போதாது. எங்கள் ஊருக்கே வந்து, தமிழிலேயே, நாலைந்து ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நடத்தட்டும். ஆளுக்கொரு பெரியவரைப் பதிவு செய்து வந்து, எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்டு, எங்கே குறுக்கே விழுந்தோம் என்று பார்க்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க ஆறேழு மணி நேரமாவது பிடிக்கும் என்பது செய்தால்தான் தெரியும். பழைய படத்தின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதக்கூடாது, மெல்லப் பென்சிலால் எழுத வேண்டும் என்பதும் அப்படித்தான். முக்கியமாக அனுமதி. லயத்துச் சண்டை, சாதி, கடன் எல்லாம் பேச்சில் வரும். அதில் எதை வெளியே விடலாம் என்று பேசியவர்தான் சொல்ல வேண்டும்.

எப்படிக் கேட்கக்கூடாது என்று காட்ட மாதிரி வேண்டுமானால் என் பதிவு இருக்கிறது. பாட்டியின் மகனிடம் கேட்டுவிட்டேன், தாராளமாகப் போட்டுக் காட்டுங்கள் என்றார்.

முன்னாள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்